பீச்சாங்கைக்காரி

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மண் சாலையில் எங்கள் ஊர். இன்று கம்பெனி பஸ்கள் வளைந்து திரும்புகிற இடத்தில், எழுபதுகளில், ஓர் ஓட்டுக் கட்டடத்தில் பால்வாடி நடந்தது. எனக்கு அப்போது நான்கு வயது. சொல்லப் போவதில் பாதி என் நினைவு, பாதி அம்மா சொல்லிச் சொல்லிச் சேர்ந்தது. கையில் கட்டியிருந்த துணி மட்டும் முழுக்க என் நினைவு.

நான் பீச்சாங்கைக்காரி. இடது கைப் பழக்கம் உள்ளவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அதில் மரியாதை கொஞ்சமும் கிடையாது. குச்சியோ கரித்துண்டோ, இடது கைதான் முந்திக்கொண்டு போகும். சோற்றுக்கும் அதுதான். ஒரு காதுகுத்துப் பந்தியில் நான் இடது கையால் சாதத்தைப் பிசைந்ததைப் பார்த்து, எதிர் வரிசையில் இருந்த பெரிய மனிதர் ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அவருக்கு வயிறு நிறைந்திருக்கும் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். ஆனால் அப்பாவுக்கு முகத்தில் அடித்தாற்போல ஆகிவிட்டது.

மறுநாள் காலை பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து என் இடது கை விரல்களைச் சுற்றிக் கட்டினார். அன்றிலிருந்து தினமும் கட்டுதான். அப்பா கொடுமைக்காரர் இல்லை. முடிச்சைப் போட்டுவிட்டு, "இறுக்குதாம்மா?" என்று கேட்பார். இறுக்காது. அதுதான் கஷ்டம், இறுக்கியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். "பள்ளிக்கூடத்துல வாத்தியார் அடிப்பாரு. நாளைக்கு போற வூட்ல பேசுவாங்க. இப்பவே மாத்திக்கினா நல்லதுதானே கண்ணு" என்பார்.

அந்தக் கட்டோடுதான் பால்வாடிக்குப் போனேன். மத்தியானம் அலுமினியத் தட்டில் கோதுமை உப்புமா வரும். வலது கையால் அள்ளினால் பாதி பாவாடையில் கொட்டும். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அந்த வயதிலேயே ரோஷம் அதிகம், சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன். பாட்டுக்குக் கை தட்டச் சொன்னாலும் தட்ட மாட்டேன். சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வேன். வீட்டிலும் சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப் போயிற்று.

"துன்னாத புள்ளைக்கு இன்னாத்துக்கு பால்வாடி? வூட்லயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் அப்பா. அம்மா கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினாள்.

டீச்சரம்மா படப்பையிலிருந்து பஸ்ஸில் வந்து, கூட்டு ரோட்டிலிருந்து குடை பிடித்து நடந்து வருவார். பயிற்சி முடித்து வந்த முதல் வேலை, சின்ன வயதுதான். ஆனால் கறார். நகம் வெட்டாமல் வந்தால் வாசலிலேயே பிடித்து உட்கார வைத்து வெட்டுவார். அம்மா போய் அந்த ஒரு வாரத் தவணையைச் சொன்னபோது, என் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு கட்டினது?"

"அப்பா."

"நல்லா கட்டியிருக்காரு" என்று சொல்லிக் கையை விட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் ஒரு பை நிறையத் துணிக் கிழிசல்கள் கொண்டுவந்தார். "இன்னிக்கு எல்லாரும் ஒரு கைய கட்டிக்கினு படம் போடலாமா?" என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வலது கையைக் கட்டினார். சமைக்கிற ஆயாவைக் கூப்பிட்டுத் தன் வலது கையையும் கட்டச் சொன்னார். அதற்கு முன்பே என்னிடம் வந்து, இடது கைக் கட்டை அவிழ்த்து வலது கையில் மாற்றிவிட்டிருந்தார். தரையெல்லாம் சாக்பீஸ் கோடுகள். டீச்சரம்மா போட்ட பசு கால் நொண்டியது. நான் ஒரு மாட்டு வண்டி போட்டேன்.

"டீச்சர், இவ வண்டி மட்டும்தான் ஓடும்!" என்று ஒரு பெண் கத்தினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் சிரித்தேன். விளையாட்டு முடிந்ததும் எல்லாக் கட்டையும் அவிழ்த்தார்; என் கட்டை மட்டும் பழையபடி இடது கையில் போட்டுவிட்டார். அப்பா கட்டியதை அப்பாவேதான் எடுக்க வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

சாயங்காலம் அப்பா என் கையைப் பார்த்தார். அவர் போடுவது மாட்டுக்குத் தும்பு கட்டும் முடிச்சு. டீச்சரம்மா போட்டது ரிப்பன் முடிச்சு. "இது என் முடிச்சு இல்லியே" என்றார்.

விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு பால்வாடிக்கு வந்துவிட்டார். "இன்னா டீச்சரம்மா, புள்ள கட்ட அவுத்தது யாரு?"

"நான்தாங்கண்ணா." சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. "இன்னிக்கும் அதே வெளையாட்டுதான். உள்ள வந்து உக்காருங்க. உங்களுக்கும் துணி கீது."

இத்தோடு பால்வாடி முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் அத்தனை பிள்ளைகளும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவால் திரும்பிப் போக முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். டீச்சரம்மா என் கட்டை அவிழ்த்து, துணியை என்னிடமே கொடுத்தார். அப்பாவின் வலது கையை நான்தான் கட்டினேன். கட்டி முடித்ததும் கேட்டேன்: "இறுக்குதாப்பா?"

அப்பா, தினமும் குளிப்பாட்டுகிற தன் காளையை இடது கையால் வரையப் பார்த்தார். சாக்பீஸ் உடைந்தது. வேறொன்று எடுத்தார். காளை, கொம்பு வைத்த மூட்டை மாதிரி வந்தது. நெற்றியில் வேர்த்துவிட்டது. பக்கத்தில் நான் வண்டி போட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதறது எந்தக் கையில வேணா எழுதட்டும், டீச்சரம்மா. சோறு மட்டும் இந்தக் கையில. பந்தியில என் பொண்ண பார்த்து ஒருத்தன் எழுந்து போவக்கூடாது." கட்டியிருந்த வலது கையைத் தூக்கிக் காட்டினார் அப்பா.

டீச்சரம்மா நீதி சொல்லத் தொடங்கவில்லை. "சரிங்கண்ணா. சோத்துக்கு நான் பொறுப்பு" என்றார். எனக்கு அவரிடம் இன்றும் பெரிதாகத் தெரிவது இதுதான். என் கைக்காகப் பேசியவர், அப்பாவின் பயத்தையும் தள்ளிவிடவில்லை. அன்று மத்தியானத்திலிருந்து உப்புமாவைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து என் வலது கையில் வைத்தார். உருண்டை சிந்தாது. யாரும் சிரிக்கவில்லை. நாளாக ஆக உருண்டை தளர்ந்து, ஒருநாள் வெறும் உப்புமாவையே அள்ளிச் சாப்பிட்டேன். கன்னமும் பழையபடி வந்தது.

அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பாதான் அழைத்துப் போனார். வயது பார்க்க, தலைக்கு மேலே கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். நான் இடது கையைத் தூக்கினேன்.

"பீச்சாங்கையா? இங்க இதெல்லாம் நடக்காது. கைய மாத்து" என்று மேஜைமேல் இருந்த பிரம்பைத் தொட்டார்.

டீச்சரம்மா அங்கே இல்லை. அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"சோறு சோத்தாங்கையில துன்னும் சார். எழுதறது அந்தக் கையிலதான். மாத்தியே ஆவணும்னா, மொதல்ல உங்க கைய கட்டிக்கினு ஒரு மாட்ட போட்டுப் பாருங்க சார்."