களத்தில் கிரிவலம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெல் கிளற வந்த இரண்டு கூலிப் பெண்களை நானேதான் வீட்டுக்கு அனுப்பினேன். உத்திரமேரூரில் செல்போன் ரிப்பேர் கடையில் நாள் முழுக்க நாற்காலியைத் தேய்ப்பவன் நான். ஆனாலும் நாலு பேர் முன்னால் வாய் சும்மா இருக்காது.

"கிரிவலம் போன காலு இது. நான் பாத்துக்கறேன், போங்க."

"சரி நைனா. காலு மிச்சமிருந்தா சாய்ங்காலம் பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே போனாள் ஒருத்தி.

கிரிவலத்தில் கோயிலுக்குக் கோயில் உட்கார்ந்து டீ குடித்ததை நான் சொல்லவில்லை.

அறுத்த நெல் மழையில் நனைந்துவிட்டது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் காலையில் எடுக்க மறுத்துவிட்டார்கள். அன்றோடு நிலையத்தை மூடுகிறார்கள். மாலைக்குள் காயாவிட்டால் என் மனைவி பாடுபட்டு விளைவித்தது வியாபாரி கேட்கிற விலைக்குத்தான் போகும். நிலையத்துக் களத்திலேயே நெல்லைப் பரப்பினோம். பாதத்தைத் தரையோடு இழுத்து, உழவுசால் போலக் கோடு போட்டபடி நடக்க வேண்டும். நின்றால் மேல்நெல் காயும், அடிநெல் புழுங்கும். ஒரு பாதி மனைவிக்கு, ஒரு பாதி எனக்கு.

மதியம் தாண்டியதும் வந்தவாசிப் பக்கம் வானம் கறுத்தது.

"இன்னாம்மே, ஒரு டீ..."

"மானத்தப் பாத்தியா? நட."

முதலில் பாதம் எரிந்தது. பரவாயில்லை, அது என் பாதம் என்றாவது தெரிந்தது. பிறகு எரிச்சலும் போய், யாருடையதோ இரண்டு கட்டைகளை இழுத்துப் போவது போலிருந்தது. தொடைச் சதை முடிச்சுப் போட்டது. நடந்தபடியே தூங்கியிருக்கிறேன், விழித்தபோது அவள் பாதியில் இருந்தேன். அவள் கோடு நூல் பிடித்த மாதிரி, என்னுடையது பாம்பு போன மாதிரி. அந்த மூலை வரைக்கும்தான் என்று என்னையே ஏமாற்றினேன். மூலை வந்தது. குளிர்காற்றும் வந்தது. நெல்லுக்கு அது எமன், எனக்கு சுகம். வெட்கப்படுவதற்குள் முட்டி மடிந்து நெல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திரு என்றேன். கால்கள் கேட்கவில்லை.

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என்னைச் சுற்றிக்கொண்டு என் பாதியையும் நடந்தாள்.

ஈரம் பார்க்கிற மிஷினோடு எழுத்தர் வந்தபோது முதல் தூறல் அவர் சட்டையில் விழுந்தது. அவள் பாதியில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார், தலையாட்டினார். அடுத்த பிடிக்கு நேராக என் இடுப்பருகே குனிந்தார். வேர்வையில் ஊறிய என் லுங்கி அங்கேதான் விரிந்திருந்தது.

"சார், அது ஆளு உக்காந்துகினு கீற எடம்" என்றாள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு முழம் தள்ளி அள்ளினார். மிஷின் யோசித்தது.

"மூட்டை கட்டுங்க."

கடைசி மூட்டை கூரைக்குள் போனதும் மழை கொட்டியது. அவள் மொபெட்டைக் கிளப்பினாள்.

"நானும் பின்னாடி ஏறிக்கட்டா? காலு வரல."

"பின்னாடி தார்ப்பாய் கீது. நட."