மஞ்சள் சிவந்தால் மில் நிற்கும்

கழிவுநீரைச் சுத்தம் செய்பவனுக்குச் சோறு போடுமுன் வீட்டார் "கை கழுவுனீங்களா?" என்று இரண்டு தடவை கேட்பார்கள். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா! நான் இருப்பது கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல் அவிக்கும் மில் ஒன்றில்.

தண்ணீர்ப் பந்தல்

நெல் ஊறிய தண்ணீர் புளித்தால் ஊரே மூக்கைப் பொத்தும். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்து, படிகாரம் கலக்கினேன். அழுக்கெல்லாம் திரிந்த பால் போலத் திரண்டு அடியில் இறங்கியது. இது வயலுக்குத்தான் ஆகும், வாய்க்கு ஆகாது என்று நான் சொல்வதற்குள் முதலாளி தெளிந்த தண்ணீர் ஜாடியைத் தூக்கிப் பார்த்துப் பூரித்துப்போனார்: "சார், பௌர்ணமி கிரிவலத்துக்கு அடி அண்ணாமலையில தண்ணிப் பந்தலே வெச்சிடலாம் போல இருக்கே!"

கல்வாழை

தெளிந்த தண்ணீரை ஜல்லி பரப்பிய பாத்தியில் விட்டுக் கல்வாழை நட்டேன். மிச்ச அழுக்கை வேர் பார்த்துக்கொள்ளும். பூத்ததும் பக்கத்து வயல்காரர் ஏழுமலையைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். போன வருஷம் மில்லின் புளித்த தண்ணீர் பாய்ந்து அவர் நிலக்கடலைப் பயிர் மொத்தமும் கருகியிருந்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் ஊரைக் கூட்டி மில் கேட்டை மறிப்பேன் என்று சொல்லியிருந்தார். பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது சாக்கடையிலயும்தான் பூக்கும் சார். என் மல்லாட்டை காய்க்குமா, அதச் சொல்லுங்க."

ஆரத்தி

வாயால் சொன்னால் நம்புகிற ஆள் இல்லை. அதனால் ஒரு வழி சொன்னேன்: புளிப்பு இருந்தால் மூக்கே சொல்லிவிடும்; சுண்ணாம்புக்கு, வயலுக்குத் திறக்குமுன் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள், சிவந்தால் சுண்ணாம்பு ஜாஸ்தி, திறக்க விடாதீர்கள். மனிதர் தினமும் மஞ்சள் பொட்டலத்தோடு வந்துவிடுவார்.

ஆயுதபூஜை லீவு முடிந்த மறுநாள் ஆப்பரேட்டர், லீவில் புளித்த தண்ணீரின் நாற்றத்துக்குப் பயந்து ஒரு மூட்டைச் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டார். ஏழுமலை போட்ட மஞ்சள் செக்கச்செவேல் என்று ஆனது. தொட்டியோ தளும்பி நிற்கிறது. "ஒரு நாள்தானே, திறங்க" என்றார் முதலாளி. நான் வால்வைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் விட இடமில்லாமல் மில் நின்றது. முதலாளிக்கு முகம் கடுகடு. எனக்கோ உள்ளூரச் சந்தோஷம், சொன்ன சோதனை சொன்னபடி வேலை செய்ததே! புளித்த ஊறல் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மறுபடி தெளியவைத்து, சாயங்காலத்துக்குள் சரிசெய்தேன். அதுவரை நகராத ஏழுமலை, காலையில் சிவந்த கிண்ணத்தை முதலாளியிடம் நீட்டினார்: "ஆரத்தி தயாரா இருக்குது மொதலாளி. சுத்திட்டு உங்க வாசல்லயே ஊத்திக்குங்க, என் வயல்ல வேணாம்."

அறுவடை

மல்லாட்டை பிடுங்கியதும் ஏழுமலை ஒரு தூக்கு நிறைய அவித்துக் கொண்டுவந்தார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தூக்கை என் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "உங்க தண்ணியில வெளஞ்சது சார். மொதல்ல நீங்க தின்னுங்க, அப்புறம் நான் தின்றேன்."

கழிவுநீர்க்காரன் வாங்கும் நற்சான்றிதழை முதலில் அவனேதான் மென்று விழுங்கிக் காட்ட வேண்டும்!