வண்டிக்கு ஈடாக உட்கார்ந்திருந்த பெண்

முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டால், அவரிடம் எதை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுப்பது? ஸ்கூட்டரை விற்று இத்தனை மாதம் ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை. எம்.எஸ்சி. வரை படித்திருக்கிறேன். எந்தப் பாடத்திலும் இது வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய வண்டி அது. மகள் பிறந்து வேலையை விட்ட பிறகு, தஞ்சாவூரில் நாங்கள் இருக்கும் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஓசூரில் வேலை செய்யும் என் கணவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். தான் வந்து விற்றுத் தருவதாகச் சொன்னார். ஒரு பழைய வண்டியை விற்க எனக்குத் தெரியாதா என்று நான்தான் வீம்பு பிடித்தேன்.

"சரி, வித்துக் காட்டு. வண்டி போனாலும் பரவால்ல, கூடவே நீயும் போயிடாத" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குள் வேலை செய்தது. விளம்பரம் போட்ட அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. வண்டி என் பெயரில் இருக்கிறது. எவனாவது எடுத்துக்கொண்டு போய் யார் கழுத்துச் சங்கிலியையாவது அறுத்தால், போலீஸ் என் வீட்டுக்குத்தான் வரும். இடுப்பில் குழந்தையோடு நான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காட்சி, நான் எந்த உடுப்பில் இருக்கிறேன் என்பது வரை, எனக்குத் தெரிந்திருந்தது. அதைவிடப் பெரிய பயம், கணவர் இனிமேல் கேஸ் சிலிண்டர் புக் செய்யக்கூட என்னை நம்பமாட்டார் என்பது.

அதனால் கிடைத்த அறிவுரைகளை எல்லாம் படித்தேன். படத்தில் நம்பர் பிளேட்டை மறைத்தேன். ஆர்.சி. புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னவர்களுக்கு, நேரில் வந்து பாருங்கள் என்று பதில் போட்டேன். தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவருக்கு வண்டியைப் பார்க்காமலேயே பிடித்துவிட்டது. ஒரு க்யூஆர் கோடு அனுப்புவாராம், அதை நான் ஸ்கேன் செய்து என் பின் நம்பரைப் போட்டால் பணம் எனக்கு வந்துவிடுமாம். பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். குழந்தை ஃபோனைப் பிடுங்கிவிட்டாள், சார்ஜ் இல்லை, கண்ணாடியைக் காணோம் என்று முக்கால் மணி நேரம் அவரைக் காக்க வைத்தேன். கடைசியில் அவரே, "வேணாம்மா, நீங்க வேற யாருக்காவது குடுத்துக்குங்க" என்று அலுத்துப்போய் வைத்துவிட்டார். அன்று இரவு மட்டும் நன்றாகத் தூங்கினேன்.

படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை ஒன்று இருந்தது. ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது டேங்க்கில் கொஞ்சமாகத்தான் பெட்ரோல் இருக்க வேண்டும், திருடன் என்றால் தூரம் போக முடியாது. எங்கள் டேங்க்கில் பாதிக்கு மேல் இருந்தது. இரண்டு நாள் சாயங்காலம் மகளை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு, மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு, புது பஸ் ஸ்டாண்டிலிருந்து மெடிக்கல் காலேஜ் ரோடு என்று சுற்றிச் சுற்றித் தீர்த்தேன். அவளுக்கு ஒரே கொண்டாட்டம். பெட்ரோல் முள் வேலை செய்யாது என்பதை விளம்பரத்திலேயே எழுதியிருந்தேன். நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கணவனும் மனைவியும் ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தார்கள். அவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர். இஞ்சினை ஸ்டார்ட் செய்து, டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, பஸ் நேரம் ஒத்துவரவில்லை, அவளுக்காகத்தான் வண்டி. கல்யாணமாகி ஏழு மாதம்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். லைசென்ஸைக் கேட்டேன், கொடுத்தார். ஃபோனைக் கேட்டேன், அதையும் கொடுத்தார். பர்ஸ் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. அப்போதும் என் விரல்கள் சாவியை விடவில்லை. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "அக்கா, அப்ப நான் இங்கயே உக்காந்துக்கறேன். அவரு மட்டும் போயிட்டு வரட்டும்" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. ஒரு பெண்ணையே ஈடாக வாங்கி வைத்துக்கொண்டவள் எங்கள் தெருவில் நானாகத்தான் இருப்பேன்.

கிளம்பும்போது அவர் கேட்டார். "பெட்ரோல் இருக்குங்களா?"

"இருக்குங்க" என்றேன். பொய் இல்லை. இருந்தது.

கல்லணைக் கால்வாயான புது ஆற்றின் கரையோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். பத்து நிமிடத்தில் டீ போட்டேன். இருபதாவது நிமிடத்தில் பிஸ்கட் வைத்தேன். அரை மணி நேரம் ஆனபோது வைக்க ஒன்றும் இல்லை. லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தவருக்கு மீசை இல்லை. வந்தவருக்கு இருந்தது. பிறகு ஒரு சின்னச் சந்தேகம், வந்தவருக்கு மீசை இருந்ததா?

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஃபோன் செய்தார்.

"வண்டியக் குடுத்துட்டுப் பொண்ண வாங்கி வச்சிருக்கியா? இது அந்தாளு பொண்டாட்டிதான்னு உனக்கு யாரு சொன்னா?"

"அவங்கதான்க்கா சொன்னாங்க."

"நல்லாருக்குடி" என்று வைத்துவிட்டார்.

கூடத்தில் அந்தப் பெண் என் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, பரீட்சை என்று தெரியாதபடி பரீட்சை வைத்தேன். உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன குழம்பு பிடிக்கும்? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? குறட்டை விடுவாரா? கருவாட்டுக் குழம்பு, ஒரு அக்கா என்று சரளமாக வந்த பதில் குறட்டையில் நின்றது.

"அக்கா, நான் பொண்டாட்டிதானான்னு பாக்குறீங்களா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே தன் ஃபோனில் கல்யாணப் படத்தைக் காட்டினாள். மாப்பிள்ளைக்குப் பூசியிருந்த பவுடரில் அவர் லைசென்ஸ்காரர் போலவும் இல்லை, வந்தவர் போலவும் இல்லை. "நல்லா இருக்கார்" என்றேன்.

முக்கால் மணி நேரம் தாண்டியது. அவள் சிரிப்பு நின்றுபோனது. பங்குனி மாதம், ஊருக்கு வெளியே ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதிக்க மிதிக்க உளுந்து உதிரும், இரண்டு சக்கர வண்டிகள் சில சமயம் வழுக்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை. அவருடைய ஃபோன் என் மேசையில் கிடந்தது. கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை.

"எனக்கு வண்டியே வேணாம்னுதாங்க்கா சொன்னேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, பெட்ரோல் நெறய இருந்துச்சா? அதான் ரொம்ப தூரம் போயிட்டாரோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அந்த நினைவே இல்லை. திருடன் திருடன் என்று யோசித்ததில், திருடனுக்காகச் செய்துவைத்த ஏற்பாட்டை மறந்தேபோனேன். இப்போது எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. அவர் எங்கோ நடுரோட்டில் நிற்கிறார். சொல்ல ஃபோன் இல்லை. அதை நான் வாங்கி வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லியிருந்தால் அவள் பயம் அந்த நிமிடமே தீர்ந்திருக்கும்.

"இருந்துச்சும்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாய் அதுவாகச் சொன்னது. சொன்னதற்குப் பரிகாரமாக, ஆட்டோ பிடித்துப் போய்த் தேடுவோம் என்று அவசரப்படுத்தி, மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பூட்டினேன். கேட்டைத் தாண்டுவதற்குள் தெருமுனையில் அவர் தெரிந்தார். வண்டி அவரை ஏற்றிக்கொண்டு வரவில்லை, அவர்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மீசை இருந்தது.

அவள் ஓடிப்போய் முதலில் அவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஏசத் தொடங்கினாள்.

"ஓட்டிப் பாக்கச் சொன்னா ஊரச் சுத்திட்டு வர்றீங்க. அந்தக்கா எவ்வளவு பயந்துட்டாங்க தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "தப்புதாங்க. நல்லாப் போச்சு, அப்படியே போயிட்டேன். உங்க பெட்ரோல மொத்தமாத் தீத்துட்டேன். வர்ற வழியில பங்க் இருந்துச்சு, பாத்துக்கிட்டேதான் தள்ளிட்டு வந்தேன். ஃபோன் இங்க இருக்கு, கையில காசு இல்ல."

அது சொல்ல வேண்டிய நேரம். நான் வாயைத் திறப்பதற்கு முன் என் மகள் திறந்தாள். "பெட்ரோல் காலியாம்மா? இன்னொரு ரவுண்டு போலாமா?" அவள் கையில் இருந்த பிஸ்கட்டை எடுத்து அவள் வாயிலேயே வைத்தேன்.

நல்ல வண்டி என்றார்கள். விலை பேசிக் குறைக்கத்தான் இருவரும் திட்டத்தோடு வந்திருக்கிறார்கள், அதைப் பிற்பாடு அவளே சொன்னாள். ஆனால் அன்று என்னைப் பயமுறுத்திவிட்ட குற்ற உணர்ச்சியில் நான் சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டார்கள். எனக்கு இருந்த குற்ற உணர்ச்சியில் ஹெல்மெட்டையும் மழை கவரையும் சும்மா கொடுத்தேன். அதற்கும் அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். நிலைமை இன்னும் மோசமானது.

வண்டியை அன்றே கொடுக்கவில்லை. கணவர் மறுநாள் வந்தார். திங்கட்கிழமை எல்லோரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டோம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஒப்படைத்தேன் என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் சாவியைத் தந்தேன். அங்கே காத்திருந்த நேரத்தில் அவர் என் கணவரிடம் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லி மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். என் கணவர், "பெட்ரோல் தீந்துபோச்சா, அப்படியா" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில், வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தன ரவுண்டு அடிச்ச?"

"ரெண்டு நாள்" என்றேன். வீடு வரும்வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் இப்போது வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள். அடிக்கடி ஃபோன் செய்வாள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். அவளுடைய கணவர் இப்போதெல்லாம் யார் வண்டியை எடுத்தாலும் டேங்க்கைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாராம். தான் பொறுப்பில்லாத ஆள் என்று அவருக்கே ஒரு எண்ணம் வந்துவிட்டதாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் ஒரு புது வேலை வைத்தாள். மயிலாடுதுறையில் இருக்கும் அவள் நாத்தனார் தன் ஸ்கூட்டரை விற்கப்போகிறாராம். "உங்கள மாதிரி ஜாக்கிரதையா யாருமே பாத்ததில்லக்கா. என்னென்ன செய்யணும்னு எழுதி அனுப்புங்க" என்றாள். உட்கார்ந்து எழுதினேன். பகலில் வரச் சொல்லுங்கள், லைசென்ஸை வாங்குங்கள், பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுக்காதீர்கள், பின் நம்பரைப் போடாதீர்கள். பெட்ரோல் பற்றி ஒரு வரி எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். எழுதி அனுப்பினால் படித்த நிமிடமே அவளுக்குப் புரிந்துவிடும். எழுதாமல் விட்டு, நிஜமாகவே ஒருவன் நாத்தனாரின் வண்டியில் முழு டேங்க்கோடு சென்னைக்குப் போய்விட்டால்?

கணவரைக் கேட்டால் மறுபடி தோள் குலுங்கச் சிரிக்கத்தான் செய்வார். அதனால் உங்களைக் கேட்கிறேன். அந்த வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டு வருவதை வாங்கிக்கொள்ளட்டுமா? அல்லது முதலில் ஒரத்தநாட்டுக்குப் போய் அந்த மனிதரிடம் நேரில் சொல்லட்டுமா? சொல்வதென்றால் எப்படித் தொடங்குவது? இப்படி எதையாவது செய்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் போடுகிறாராம், அதற்குள் தெரிந்தால் நல்லது.