பஸ்ஸில் எடுத்த சீனியர் படம்

லவோன் ஸ்கார் எங்கள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வடக்குச் சாலைப் பிள்ளைகள் எல்லாம் அவள் பொறுப்பு. சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கு வயல்களுக்கு நடுவே, வீட்டுக்கு வீடு ஒரு மைல் தள்ளியிருக்கிற பாதை அது. நான் பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு என்னிடம் வந்து ஒரு காபி குடிப்பாள். அதிகம் பேசமாட்டாள். கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டால் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த செப்டம்பரில் ஒருநாள் கேட்காமலே சொன்னாள்.

"நேத்து பஸ் ஷெட்ல போன் அடிச்சுது, நான்தான் எடுத்தேன். போட்டோ எடுக்கிற பொண்ணு, ஷெல்பின்னு பேரு. பிரிட்டா ஓஸ்ட்பியோட சீனியர் படத்துக்கு நம்ம பஸ் வேணுமாம்."

கடைசி வகுப்புப் பிள்ளைகளின் சீனியர் படம் எங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. எங்கே எடுப்பது, எதை உடுப்பது, பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கோடை முழுக்கத் திட்டம் போடுவார்கள். ஒருத்தன் அப்பாவின் டிராக்டர்மேல் ஏறி உட்காருவான். ஒருத்தி குதிரையைக் குளிப்பாட்டி ஓட்டிவருவாள். பஸ்ஸை யாரும் கேட்டதில்லை.

"பஸ் மட்டும் இல்ல. கூட ஆர்டிஸும் வேணுமாம். வண்டி ஓட்டும்போது போடற குளிர் ஜாக்கெட்டோட வரணுமாம்."

"ஆர்டிஸ் மோவா? அவ வண்டிய விட்டு எவ்வளவு காலமாச்சு!"

"அதான் எனக்கும் புரியல."

ஆர்டிஸ் மோ லவோனுக்கு முன்னால் அதே பஸ்ஸை ஓட்டியவள். பிரிட்டா பாலர் வகுப்பில் சேர்ந்த வருடம் கிறிஸ்துமஸ் வரை ஓட்டினாள். அதோடு முழங்கால் போய்விட்டது. இப்போது பக்கத்து ஊரில் தங்கையோடு இருக்கிறாள். கிறிஸ்துமஸ் கழிந்து பள்ளி திறந்ததிலிருந்து இன்றுவரை லவோன்தான். பனிக்காலம், வெள்ளக்காலம் எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணை ஏற்றி இறக்கியவள் அவள். பிரிட்டா ஓட்டுநர் சீட்டுக்குப் பின் சீட்டில்தான் உட்காருவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். இவளும் பேசமாட்டாள்.

வீட்டில் கணவன் வெண்டெலிடம் சொன்னபோது அவன் சிரித்தானாம்.

"ஆர்டிஸ் பிள்ளைங்களுக்கு மிட்டாய் குடுப்பா. நீ என்ன குடுத்த? பிரேக்குதான்!"

"விளையாடாத வெண்டெல். நாலு மாசம் ஓட்டினவள நினைப்பு வச்சிருக்கு. என்னை?"

"வருத்தமா இருக்கா?"

"வருத்தம்னு இல்ல. குழப்பமா இருக்கு."

வருத்தம்தான். ஆனாலும் ஆர்டிஸுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் ஒரே குதூகலம்.

"அந்தக் குட்டிப் பொண்ணா? முதல் நாளே என் மேல வாந்தி எடுத்தாளே! அவ மறக்கமாட்டான்னு எனக்குத் தெரியும்டி. என்ன கலர் போட்டுக்கட்டும்?"

"ஜாக்கெட் வேணுங்கிறாங்க. உன் பழைய ஜாக்கெட் என்கிட்டதான் இருக்கு. கொண்டுவரேன்."

"இன்னுமா வச்சிருக்க?"

லவோன் வேலைக்குச் சேர்ந்த ஜனவரியில் பள்ளி அவளுக்கென்று ஆர்டர் சொல்லியிருந்த குளிர் ஜாக்கெட் வந்து சேரவில்லை. ஷெட்டில் ஆணியில் ஆர்டிஸ் விட்டுப்போனது தொங்கியது. போட்டுக்கொண்டாள். அப்புறம் புதியது வந்தது, தோளில் பிடித்தது, பழையதே போதும் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கிழங்கு வயலோரச் சரளைத் திடலில் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினாள். வண்டியைக் கழுவியிருந்தாள், தலையை வாரவில்லை. வண்டி ஓட்ட மட்டும்தானே வந்திருக்கிறோம் என்று பழைய சட்டையிலேயே வந்திருந்தாள். ஆர்டிஸ் உதட்டுச்சாயம் பூசி, முத்துத்தோடு போட்டு, அந்த வெயிலிலும் ஜாக்கெட்டுக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு நின்றாள். பொத்தான் எட்டவில்லை.

பிரிட்டா அம்மாவின் காரிலிருந்து இறங்கினாள். ஆர்டிஸ் இரண்டு கையையும் விரித்தாள்.

"வாடா கண்ணு! எவ்வளவு வளர்ந்துட்ட!"

அந்தப் பெண் அணைப்புக்குள் சிக்கி, தோளுக்கு மேலாக லவோனைப் பார்த்து விழித்தாள்.

"ஆர்டிஸ், இவங்க யாரு?"

லவோன் சுற்றுமுற்றும் பார்த்தாள். "என்னையா கேக்கற?"

"உங்களத்தான் ஆர்டிஸ். உங்க ஜாக்கெட்டை ஏன் இவங்க போட்டிருக்காங்க?"

"நான்தானே ஆர்டிஸ்!" என்றாள் ஆர்டிஸ்.

"இல்லையே. அவங்கதான் ஆர்டிஸ். ஜாக்கெட்ல பேரு இருக்கே!"

ஷெல்பி கேமராவைத் தாழ்த்தினாள். எல்லாரும் அந்த ஜாக்கெட்டின் மார்பைப் பார்த்தார்கள். சிவப்பு நூலில் ஆர்டிஸ் என்று தைத்திருந்தது, கொஞ்சம் பிரிந்து. எங்கள் ஊரில் பனிக்காலம் போனதும் மறுபடி வந்துவிடும். வருடத்தில் பாதிக்கு மேல் அந்தப் பெண் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் எதிரே பார்த்தது அந்தப் பெயரைத்தான்.

"என் பேரு லவோன்" என்றாள் லவோன், ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி.

பிரிட்டாவின் முகம் காதுவரை சிவந்தது. "ஐயோ. அப்ப நான் இத்தனை வருஷமா…"

"நீ எப்போ என்னைக் கூப்பிட்ட? தப்பா கூப்பிடறதுக்கு!"

ஆர்டிஸ் ஜாக்கெட்டைக் கழற்றி லவோன் கையில் திணித்தாள். "இந்தா, உன்னோட பேரு" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குள் ஏறிக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிரிட்டாவின் அம்மா போய்க் கூப்பிட்டாள், வரவில்லை. ஷெல்பி போய்க் கூப்பிட்டாள். "எனக்கு முட்டி வலி" என்றாள்.

கடைசியில் லவோன் ஜாக்கெட்டோடு ஓட்டுநர் சீட்டில் உட்கார, பிரிட்டா எப்போதும் போல அவளுக்குப் பின் சீட்டில் உட்கார, ஷெல்பி படியில் மண்டியிட்டுப் படம் எடுத்தாள். லவோனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சாலையைப் பார்த்தாள்.

"எதுக்கு என்னை வரச்சொன்ன?" என்று திரும்பாமலே கேட்டாள்.

பிரிட்டா யோசித்தாள். "எந்த இடத்துல நீ நீயா இருப்பேன்னு ஷெல்பி கேட்டா. எனக்கு முதல்ல ஒண்ணும் தோணல, அப்புறம் இந்த பஸ்தான் தோணுச்சு. வீட்டுல, ஸ்கூல்ல எல்லாரும் எப்பவும் ஏதாவது கேட்டுட்டே இருப்பாங்க. நீங்க ஒண்ணுமே கேட்டதில்ல."

"என்ன கேக்கறதுன்னு தெரியல, அதான் கேக்கல."

"பரவால்ல. எனக்கு அது பிடிச்சிருந்தது."

அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதா என்று லவோன் இரண்டு நாள் என்னிடம் கேட்டாள். நான் இன்னொரு காபி ஊற்றிக் கொடுத்தேன்.

படம் கிடைத்ததும் ஊரெல்லாம் பார்த்தது. பஸ்ஸின் உட்புறம், ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பெண், முன்னால் சிவப்பு எழுத்து. கடைசி சீட்டில் மங்கலாக ஒரு தலையும் விழுந்திருந்தது. பேரும் தன்னுடையது, தலையும் தன்னுடையது என்று ஆர்டிஸ் கஃபேயில் எல்லாரிடமும் காட்டினாள்.

படம் எடுத்ததற்கு அடுத்த திங்கள்கிழமைதான் சங்கடம். பிரிட்டா பஸ்ஸில் ஏறி, "குட் மார்னிங், லவோன்" என்றாள். பயிற்சி செய்து வந்தவள் மாதிரி இருந்தது. லவோனும் பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மழை வரும்போல" என்றாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"ஆமா" என்றாள் பிரிட்டா.

அடுத்த வீடு வரை இருவரும் வேறு என்ன பேசுவது என்று தவித்தார்கள். ஒரு பையன் ஏறி, கதவு மூடியது. கிழங்கு லாரி ஒன்று குறுக்கே போகக் காத்திருந்தபோது லவோன் கண்ணாடியில் பார்த்தாள். பிரிட்டா ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். லவோன் பேச்சை விட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.