ஆச்சி வீட்டு டிவிக்குப் போட்ட பூ

எனக்கு எழுபத்தொன்பது வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, கொழுந்தனார் மகனையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஒரு காலத்தில் ஆறு பேருக்கும் நான்தான் சோறு போட்டு அதட்டினேன். இப்போது ஆறு பேரும் போனில் என்னை அதட்டுகிறார்கள், மாத்திரை போட்டாயா என்று.

ஊரில் என்னை வாத்தியாரம்மா என்பார்கள். வாத்தியார் என் வீட்டுக்காரர். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் கொக்கி ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தால் நான் எவருக்கும் குறைந்தவள் இல்லை. காரைக்குடிப் பக்கம் குரோஷா பின்னுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். புதிதாக ஒரு பூவை யோசித்துப் போடுகிறவள் நான் ஒருத்திதான். நான் ஒரு மாதிரித் துண்டு போட்டுக் கொடுப்பேன். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பின்னுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் நாகரிகமாக இருக்கும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து வீடுகளில் எந்தச் சாமானும் துணியில்லாமல் நிற்காது. டிவிக்கு ஒரு துணி, டெலிபோனுக்கு ஒரு துணி, மிக்ஸிக்கு, கிரைண்டருக்கு, பிரிட்ஜின் தலைக்கு, அதன் கைப்பிடிக்குத் தனியாக ஒன்று. டெலிபோன் அடித்தால் முதலில் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். அதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிடுவார். அதனால் யாருக்கும் நஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷங்களில் கோடைக்கு நான் என் மூன்றாவது மகள் வீட்டுக்குப் போய்விடுவேன். தொண்டி தாண்டி, மாதா கோயில் இருக்கிற ஒரு கடற்கரைக் கிராமத்தில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். "கடக்கரையில காத்தாட இருந்து பின்னலாம்ல" என்று எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். சொன்னவர்கள் ஒருவரும் சித்திரை மாதத்தில் கடற்கரையில் இருந்ததில்லை. காற்று வரும். வரும்போது உப்பையும் ஈரத்தையும் மணலையும் கூட்டிக்கொண்டு வரும். காலையில் வெள்ளையாக எடுத்த நூல் மத்தியானத்துக்குள் பிசுபிசுக்கும். ஆனாலும் போனேன். அங்கே கடல் தண்ணீர் வடிந்த நேரத்தில் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பூ தானாக வரும்.

அந்த வருஷம் கிளம்புவதற்கு முன்னால் கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார். பெரிய வீட்டு ஆச்சி. மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லாம் ஹாலில் பரப்பி வைப்பார்கள். பங்காளி வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் வெறும் பார்வை இல்லை. தூக்கிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள். முந்தின வருஷம் மூத்த மகள் கல்யாணத்தில் பரப்பிய டிவி துணியும் பங்காளி வீட்டு டிவி துணியும் ஒரே பூ என்று அப்படித்தான் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். அதிலிருந்து ஆச்சிக்கு மனசே ஆறவில்லை.

"வாத்தியாரம்மா, வேற எங்கயும் போட்ட பூ எனக்கு வேண்டாம்" என்றார். "எங்க வீட்டுப் பூ எங்க வீட்டுல மட்டுந்தான் இருக்கணும்."

"சரி ஆச்சி."

"சரின்னு சொல்லிட்டுப் போயிருவீக. வேற எங்குட்டாவது அது என் கண்ணுல பட்டுச்சு, அப்புறம் இந்தத் தெருவுல ஒரு வாசப்படி ஒங்களுக்கு இல்ல. சொல்லிப்புட்டேன்."

அந்தத் தெருதான் எனக்கு எல்லாம். அங்கே ஒரு வீட்டில் நுழைந்தால் பத்து வீட்டில் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் கதவடைத்தால் அந்தப் பத்தும் அடைத்துக்கொள்ளும். சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பூ கடற்கரையில் கிடைத்தது. தண்ணீர் வடிந்த மணலில் பொடி நண்டுகள் வளை தோண்டும். மண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வளையைச் சுற்றி வரிசை வரிசையாக வைத்துவிட்டுப் போகும். நடுவில் ஓட்டை, சுற்றிலும் கதிர் கதிராக உருண்டைகள். அதை அப்படியே நூலில் கொண்டுவந்தேன். மாதிரியை மூத்த மகன் கையில் ஆச்சிக்கு அனுப்பினேன். ரொம்பப் பிடித்துவிட்டதாம்; என்ன பூ என்று கேட்டாராம். செவந்தி என்று சொல்லச் சொன்னேன். நண்டு என்று சொல்லியா டிவி மேல் போட முடியும்?

என் மகளின் மாமியாரை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு வலைக்காரக் குடும்பம். பிறந்ததிலிருந்து கிழிந்த வலையைப் பொத்திய கை. எந்தக் கண்ணியையும் ஒரு தடவை பார்த்தால் போதும், விரல் தானாக அதைப் போடும். அந்த வீட்டில் நான் பின்னும் துண்டைத் தலையணைக்கு அடியில்தான் ஒளித்து வைத்தேன். ஆனால் பின்னி முடித்ததை ஜவ்வரிசிக் கஞ்சியில் தோய்த்து, குண்டூசி குத்தி, விறைப்பாகக் காய வைக்க வேண்டும். காரைக்குடி என்றால் உள் அறையிலேயே அப்பளமாகக் காய்ந்துவிடும். அங்கே மூன்று நாள் ஆகியும் களியாக இருந்தது. வேறு வழியில்லாமல் முற்றத்தில் வெயிலில் வைத்தேன்.

சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"இது நண்டு வளதான?"

"செவந்திப் பூ."

"செவந்திக்கு நடுவுல ஓட்டை எதுக்கு?"

"அது அப்படித்தான். சம்பந்தியம்மா, இது ஒரு வீட்டுக்குன்னு போட்டது. வேற யாரும் போடக் கூடாது."

"நாங்க எதுக்குப் போடுறோம்? எங்களுக்கு நண்டுன்னா கொழம்புல கெடந்தாப் போதும்" என்றார்.

நான் நம்பினேன். அடுத்த வாரம் எதிர் வீட்டு டிவியில் நண்டு வளை. அதற்கடுத்து அந்த வரிசை முழுக்க. டிவி இல்லாதவர்கள் டிரங்குப் பெட்டிக்குப் போட்டார்கள், தையல் மிஷினுக்குப் போட்டார்கள். ஒருத்தி கோழிக் கூண்டுக்குப் போட்டிருந்தாள், வெயில் படாமல் இருக்கட்டுமாம். வலை நூலிலேயே பின்னியிருந்தார்கள். என் பூவை நீல நிறத்தில் பார்க்க வேண்டிய தலையெழுத்தும் எனக்கு வந்தது.

சண்டை போட்டேன். "கையி சும்மா இருந்துச்சு, போட்டுச்சு" என்றார் சம்பந்தியம்மா. "கீழச்சிவல்பட்டி எங்க இருக்கு, நாங்க எங்க இருக்கோம்? அந்த ஆச்சி இங்க வந்து எங்க கோழிக் கூண்டையா பாக்கப் போறாக?"

ஆச்சி வந்தார். தேவிபட்டினத்தில் மகளுக்காக நவக்கிரகத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், இங்கேதானே வாத்தியாரம்மா இருக்கிறார், வேலை எவ்வளவு ஆனது என்று பார்ப்போம் என்று அம்பாசிடர் காரைத் திருப்பச் சொல்லியிருக்கிறார். கார் வந்து நின்றது. நான் ஆச்சியை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதற்குள் சம்பந்தியம்மா கொல்லை வழியாகப் போய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நண்டு வளை அத்தனையும் உருவப்பட்டது. எதிர் வீட்டுக்காரி உருவியதை மடியில் கட்டிக்கொண்டு, வயிறு பெருத்தவளாக வாசலில் வந்து நின்று ஆச்சியைக் கும்பிட்டாள்.

ஆச்சி தெருவை ஒரு நோட்டம் விட்டார். "என்ன இது, ஒரு வீட்டு டிவியிலயும் ஒரு துணியக் காணமே? இம்புட்டு உப்புக் காத்து அடிக்குது."

"எங்க ஊருல அந்தப் பழக்கமே இல்ல ஆச்சி" என்றார் சம்பந்தியம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

நான் பின்னி வைத்திருந்ததை எல்லாம் எடுத்துக் காட்டினேன். ஆச்சிக்குத் திருப்தி. எழுந்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன். காரில் ஒரு காலை வைத்தவர், "வந்ததுதான் வந்தோம், மாதாவையும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவமே" என்றார்.

சம்பந்தியம்மாவின் முகம் மாறியது. எனக்கு ஏன் என்று அப்போது தெரியாது. கோயிலுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. மே மாதம், மாதாவுக்குரிய மாதம். பீடத்தில் புதிதாக ஒரு துணி விரித்திருந்தது. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நண்டு வளை. அதுவும் நல்ல வெள்ளை நூலில், என் பெட்டியில் குறைந்துபோன நூலில்.

ஆச்சி கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார். திறந்தார். கொஞ்ச நேரம் மாதாவைப் பார்த்தார், அப்புறம் துணியைப் பார்த்தார்.

"இது எங்க வீட்டுப் பூவுல்ல?"

தெரு போச்சு, பத்து வாசற்படியும் போச்சு என்று நான் கணக்கு முடித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மா முன்னால் வந்தார்.

"ஆமா ஆச்சி, ஒங்க வீட்டுப் பூவேதான். ஒங்க மக கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு மொதல்ல மாதாவுக்கு ஒண்ணு வச்சுட்டுத்தான் ஒங்களுக்குத் தாரோம். ஒங்க வாத்தியாரம்மாதான் நேந்துக்கிட்டாக."

சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பொய்யையும் சொல்லி, அதே இடத்தில் மன்னிப்பையும் வாங்கிக்கொண்ட ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆச்சியின் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரம்மா, நீங்க சொல்லவே இல்லையே" என்றார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியின் ஓரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டித் தேடினார்.

"எங்க?"

"எது ஆச்சி?"

"உபயம் எங்க? எங்க வீட்டுப் பூன்னா எங்க வீட்டு விலாசம் வேண்டாமா? பாக்குறவுகளுக்கு எப்படித் தெரியும்?"

டியூப் லைட்டில் வெளிச்சத்தைவிட உபயம் பெரிதாகத் தெரியும் ஊர்க்காரர் அவர். அதை மறுத்து நான் தெருவை இழப்பேனா? என் மகள் கட்டம் போட்ட தாளில் எழுத்தை வரைந்து கொடுத்தாள். கட்டத்துக்குக் கட்டம் பின்னி, பீடத்துணியின் முன் ஓரத்தில் "உபயம்" என்றும் அதற்குப் பின்னால் ஆச்சி வீட்டு விலாசத்தையும் வைத்துத் தைத்தேன். நான் ஆயுளில் எழுதிய பெரிய எழுத்து அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, சுற்றுப்பட்டு ஊர்க் கோயில்களை எல்லாம் பார்த்துக்கொள்ளும் பங்குச் சாமியார் பூசைக்கு வந்து பீடத்துக்கு முன்னால் நின்று அதை நிதானமாக வாசித்தார்.

"இவுக எந்தப் பங்கு?"

"கீழச்சிவல்பட்டிப் பங்கு சாமி" என்றார் சம்பந்தியம்மா.

அப்படி ஒரு பங்கே கிடையாது. சாமியார் அதை அப்படியே விட்டுவிட்டுப் பூசையைத் தொடங்கினார். அடுத்த வாரம் முதல் ஊரில் மெழுகுவர்த்தி வைத்தவள்கூடத் தன் பெயர் எங்கே என்று கேட்க ஆரம்பித்ததுதான் அவருக்கு வந்த தண்டனை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பரப்பிய சாமான்களுக்கு நடுவே ஆச்சி நின்று, வந்தவர்களை எல்லாம் டிவி பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "இதே பூ மாதா கோயில் பீடத்துல இருக்கு. கடக்கரையில. உபயம் நம்ம வீடு." வேறு எங்கும் இருக்கக் கூடாது என்று சொன்ன அதே வாய். பங்காளி வீட்டுப் பெண்கள் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பங்காளி வீட்டு ஆச்சியே என்னைத் தேடி வந்துவிட்டார். அவர் மகளுக்குத் தையில் கல்யாணம்.

"வாத்தியாரம்மா, எங்களுக்கும் ஒரு பூ போடணும்."

"போடுவோம் ஆச்சி. வேற யாருக்கும் போடாத பூவாப் போட்டுத் தாரேன்."

"அது கெடக்கட்டும். மொதல்ல ஒரு கோயில்ல வச்சுட்டுக் குடுங்க. ஆனா அவுக வச்சதவிடப் பெரிய கோயிலா இருக்கணும்."

அந்தத் தெருவில் எனக்கு ஒரு வாசற்படியும் குறையவில்லை. நான் போட்ட பூவுக்குக் கிடைத்த பேரா, சம்பந்தியம்மா சொன்ன பொய்க்குக் கிடைத்த பேரா என்று கேட்டால், பூவுக்கு என்றுதான் நான் சொல்வேன்.

சரி, பேத்தி, போதும். நான் சொல்லச் சொல்ல இவ்வளவு நேரம் எழுதினாயே, இப்போது முதலிலிருந்து ஒரு தடவை வாசி. என் சம்பந்தியம்மா, அதுதான் உன் அப்பத்தா, பேசுகிற இடங்களை மட்டும் மெதுவாக வாசி. நான் சொன்னதைவிட அவரை நல்லவராக எழுதியிருப்பாய். எனக்குத் தெரியும், நீ அந்த வீட்டுப் பிள்ளை.