செரட்டோனினை விளங்கப்படுத்தப் போய்

வாயால் பிழைக்கிற தொழில் என்னுடையது: போதையை விட்டுவிட வருகிறவர்களுக்கு உளவளத்துணையாளர். ஆசிரியர்களே, வைத்தியர்களே, விளங்கப்படுத்தியே கெட்டுப்போன சகலருமே, இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

கொட்டாவி

குருநகரில் கடற்றொழில் செய்யும் அன்ரன், ஹெரோயினை நிறுத்தி எங்கள் நிலையத்துக்கு வந்த புதிது. மூக்கு ஒழுகியது, மயிர் சிலிர்த்தது, கால் தானாக உதறியது. நான் வெள்ளைப் பலகையில் மூளையைக் கீறினேன். பார்க்கப் பலாப்பழம் போல இருந்தது.

"மனநிலை, நித்திரை, பதற்றம் எல்லாத்திலையும் செரட்டோனின் எண்ட இரசாயனத்துக்குப் பங்கு இருக்கு. தூள் அதின்ரை ஒழுங்கைக் குழப்பிப்போட்டுது. நிப்பாட்டினவுடனை அது தடுமாறுது, உங்கடை எரிச்சலும் சோர்வும் அதாலையும்தான்" என்றேன். அன்ரன் கொட்டாவி விட்டார். திரும்பவும் விட்டார். உந்தக் கொட்டாவியும் போதையை நிறுத்தியதால் வருகிற அறிகுறிதான் என்று பெருமையாகச் சொன்னேன்.

"முதல் வந்தது அதாலைதான் சேர். இப்ப வாறது உங்கடை கதையாலை."

சுருக்கிச் சொன்னது

பார்க்க வந்த அவருடைய மனைவி மேரிக்கு, "செரட்டோனின் குழம்பிப்போச்சு, கொஞ்சம் குறைஞ்சும் போச்சு" என்று சுருக்கிச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"உது மீனிலை கிடக்கோ சேர்? எந்த மீனெண்டு சொல்லுங்கோ, கொண்டு வாறன்."

படலையடியில்

அடுத்த நாள் மத்தியானம் அன்ரன் பையைத் தூக்கிக்கொண்டு நிலைய வாசல் படலைக்குப் போய்விட்டார். வெளியே போனால் தூள் விற்கிறவனைத்தான் தேடுவார். பழக்கம் விட்ட உடம்பில் பழைய அளவை ஏற்றினால் உயிரே போகக்கூடும். பின்னாலேயே ஓடினேன்; களைத்துப்போய்ப் படலையடியில் இருந்துவிட்டார். படித்ததெல்லாம் மறந்துபோக, அவர் பக்கத்தில் நிலத்தில் குந்தினேன்.

"இது எப்ப குறையும் சேர்?"

"டொக்டர் மருந்தை மாத்தித் தாறார். குறையும். எப்பவெண்டு எனக்குத் தெரியாது அன்ரன்."

மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"தெரியாதெண்டு இண்டைக்குத்தான் ஒரு வார்த்தை சொன்னீங்கள். சரி, இருக்கிறன்."

இறங்குதுறையில்

சில மாதம் கழித்து அவரை இறங்குதுறையில் கண்டேன். முகம் தெளிந்திருந்தது, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கூட்டாளி ஒருவர், வெளிறிய முகத்தோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

"மச்சான், நான் சொன்ன ஆள் இவர்தான். செரட்டோனின் சேர்!" என்று அன்ரன் ஊருக்கே கேட்கக் கத்தினார். கூட்டாளி கிட்ட வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"அண்ணை, உந்தச் செரட்டோனினை ஒருக்கா எனக்கும் எடுக்கலாமோ? என்ன விலை?"

விளங்கப்படுத்துவதற்கென்றே சம்பளம் வாங்குகிற நான் அந்தக் கூட்டாளியை நிலையத்துக்குக் கூட்டிவந்தது, அவர் என்னைப் பிழையாக விளங்கிக்கொண்டதால்தான்.