ஏழாம் நம்பர் படத்துப் பெண்

செய்கு அலாவுதீனுக்கு நிழல் என்றாலே ஆகாது. துபாய் சத்வாவில் தையல் கடைகளுக்கு நடுவே இருந்த அந்த ஸ்டுடியோவில் பத்தொன்பது வருஷமாக அவர் பார்த்த வேலை அப்படி. விசா படத்தில் பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக் கூடாது. கட்டட சைட்டிலிருந்து வெயிலோடு வந்து உட்காரும் ஆளின் கண்ணுக்கடியில் இருக்கும் கறுப்பு, கழுத்தோரத்து வியர்வைக் கோடு, சுவரில் விழுந்த தலை நிழல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்து, ஐந்து நிமிஷத்தில் ஆளைப் புத்தம்புதிதாக்கிக் கையில் கொடுத்துவிடுவார். துடைத்த படத்தைப் பழைய படத்தின் மேலேயே அதே பெயரில் சேமித்துவிடுவது கடைப் பழக்கம். தன் நிழலைத் திருப்பிக் கேட்டு இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

அந்த வருஷம், 2005 மார்ச்சில், அவர் மனைவி மர்ஜானா கீழக்கரையிலிருந்து விசிட் விசாவில் வந்திறங்கினாள். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவை. ஷார்ஜா ரோலாவில் இருந்த நண்பன் நிஜாம் குடும்பத்தோடு ஊருக்குப் போவதால் அவன் அறை மூன்று வாரத்துக்குக் காலி. இருபத்தேழாம் தேதி நிஜாம் திரும்பிவிடுவான். அதற்குள் பத்து நாள் லீவு போட்டு அவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். செய்கு அலாவுதீன் கேட்டது அவ்வளவுதான்.

மேனேஜர் சிவசங்கரன் தலையாட்டிய மறுநாள் அந்த ஆர்டர் வந்தது.

கடற்கரையோரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலில், இங்கிலீஷ் பிரபு வீட்டுத் தோரணையில் ஒரு டீ ஹால். அதன் அலங்காரத்துக்குப் பொறுப்பான ஹில்டா மேடம் தோல் அட்டை போட்ட ஒரு பழைய ஆல்பத்தைக் கொண்டுவந்தார். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஏதோ ஒரு பெரிய மாளிகையின் உள்ளே எடுத்த பன்னிரண்டு படங்கள். ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, பிரேம் போட வேண்டும். ஸ்கேன் முடிந்ததும் ஆல்பம் உடனே லண்டன் போய்விடும்.

"இத முடிச்சுக் குடுத்துட்டு லீவுல போங்க பாய்," என்றார் சிவசங்கரன். "உங்க கைக்கு இது ரெண்டு நாள் வேலை."

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததும் செய்கு அலாவுதீனுக்குத் தலை சுற்றியது. இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியவர்கள் ஒரு விளக்கைப் போட்டுப் படமெடுக்கக் கூடாதா? ஜன்னலெல்லாம் வெளிச்சம் வெடித்து வெள்ளைத் திட்டாகக் கிடந்தது. மூலையெல்லாம் இருட்டு. கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடிச் சரங்கள், தரையில் வாய்பிளந்த புலித்தோல், தொட்டியில் பெரணிச் செடிகள். ஒரே அறையில் முப்பத்திரண்டு நாற்காலி எண்ணினார், உட்காரத்தான் ஒருத்தருமில்லை. ஒரு படத்தில் கணப்புக்கு மேலிருந்த நிலைக்கண்ணாடியில், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு போட்டோகிராபர் தெரிந்தார். தன் தொழில்காரர் என்று அவரை மட்டும் விட்டுவைத்தார். மற்ற நிழல், இருட்டு, கறை எல்லாம் துடைத்தார்.

முதல் தடவை மேடம் வந்து, புது ஷோரூம் மாதிரி இருக்கிறது, பழமை வேண்டும் என்றார். செய்கு அலாவுதீன் பழுப்பு ஏற்றினார். இரண்டாம் தடவை வந்து, டீயில் முக்கியது மாதிரி இருக்கிறது என்றார். பழுப்பை இறக்கினார். இப்படியே எட்டு நாள் போயிற்று. சத்வாவிலிருந்து ரோலாவுக்குப் போக பஸ்ஸில் இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மர்ஜானா பால்கனியில் நின்று எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகளை எண்ணி முடித்திருந்தாள்.

"நாப்பத்தாறு," என்றாள் போனில். "அதுல ரெண்டு ஒழுகுது. துபாய்னா இதானா மச்சான்?"

"இந்தா, நாளைக்கு முடிஞ்சிரும் புள்ள."

"இதத்தான் நேத்தும் சொன்னீங்க. அந்த வெள்ளக்காரி வூட்டுக்கு வெள்ளையடிக்கவா என்னைய கூப்டீங்க?"

மூன்றாம் தடவை மேடம் பன்னிரண்டு படங்களையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்து ஏழாம் நம்பரில் நின்றார். அந்தப் பெண் எங்கே என்று கேட்டார்.

எந்தப் பெண்? பியானோ பக்கத்தில் புகை மாதிரி ஒரு கறை இருந்தது, அதைத் துடைத்தேன் என்றார் செய்கு அலாவுதீன்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் அறைக்குள் வெளிச்சம் போதாது, லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டுப் பல நிமிஷம் காத்திருப்பார்கள். அசையாத நாற்காலி அப்படியே பதியும், நடுவில் வந்து அசைந்த ஆள் புகையாகப் பதிவார். அது தூசி தட்ட வந்த வேலைக்காரப் பெண். அந்த ஹால் முழுவதும் அவளை வைத்துத்தான் யோசித்திருக்கிறேன் என்றார். சனிக்கிழமை வருகிறேன், அவள் அங்கே இருக்க வேண்டும்.

மேடம் போனதும் சிவசங்கரன் செய்கு அலாவுதீன் பக்கம் திரும்பினார்.

"பழைய ஸ்கேன் எங்க பாய்?"

"அதுக்கு மேலயேதான் சேவ் பண்ணேன். எப்பவும் பண்றதுதானே."

"ஆல்பமும் லண்டன் போயாச்சே!" சிவசங்கரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மேடம்கிட்ட வாயத் தொறந்துடாதீங்க. மானம் போயிடும். எப்படியாச்சும் அந்தப் பொம்பளைய உள்ள கொண்டாங்க. அதுவரைக்கும் லீவு மாஃபி, கிடையாது."

இரண்டு நாள் புகையை வரைந்து பார்த்தார். மேகம் வந்தது, சாம்பிராணி வந்தது, பெண் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கடை அடைப்பு. சாவியை எடுத்துக்கொண்டு மர்ஜானாவைச் சத்வாவுக்குக் கூட்டிவந்தார்.

"இதான் நான் பாக்குற மொத எடமா?" ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஜன்னல்கூட இல்ல."

விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "நான் துபாய் பாக்க வந்தேனா, தூசி தட்ட வந்தேனா?" என்றாள். சொன்னாளே ஒழிய, கறுப்பு அபாயா அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள். விசா படத்துக்குப் பின்னால் கட்டும் வெள்ளைத் துணியை அவிழ்த்து அவள் இடுப்பில் ஏப்ரன் மாதிரி சுற்றிவிட்டார். மேடையில் ஒரு ஸ்டூல், அதுதான் பியானோ. விளக்கையெல்லாம் அணைத்து, கதவை ஒரு சாண் திறந்துவைத்து, கேமரா முப்பது செகண்ட் திறந்திருக்கும்படி வைத்தார்.

முதல் தடவை விறுவிறுவென்று தட்டிவிட்டுப் போய்விட்டாள். படத்தில் ஸ்டூல் மட்டும் இருந்தது. இரண்டாம் தடவை ஸ்டூல் பக்கத்தில் நின்று, முக்காட்டைச் சரிசெய்து, கேமராவை நேராகப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காது இரண்டும் தெரியாதது ஒன்றுதான் குறை.

"அசையணும் புள்ள!"

"படமெடுக்கயில அசையாதன்னுதானே ஊர்ல சொல்லுவாஹ? உங்களுக்கு மட்டும் எல்லாமே தலகீழ்."

"வூட்ல என்னா செய்வியோ அதச் செய்யி."

"வூட்ல நான் என்னா செய்யுறேன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவர் பித்தானை அழுத்தினார். அவள் ஸ்டூலைத் துடைத்தாள். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே, குனிந்து, நிமிர்ந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்து, பிறகு கதவுப் பக்கம் நகர்ந்தாள். படத்தைத் திறந்து பார்த்தபோது அங்கே புகை நின்றது. புகைக்குள் ஒரு பெண்ணின் சலிப்பும் இருந்தது. அதை எடுத்துப் பிரபு வீட்டுப் பியானோ பக்கத்தில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. நிழலைக்கூட அவரே போட்டார்.

"நான்தானா அது?" மர்ஜானா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "மூஞ்சியே இல்லியே."

"பின்னால இருக்குறது எவ்ளோ பெரிய வூடுன்னு பாரு."

சனிக்கிழமை காலை மேடம் வந்தார். ஏழாம் நம்பரை வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது. இவள் அவளில்லையே என்றார். அவள் பியானோவைப் பார்த்து நிற்பாள், இவள் கதவுக்குப் போகிறாளே.

செய்கு அலாவுதீனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "மேடம், திஸ் மை வைஃப்," என்று சொல்லிவிட்டார். சிவசங்கரன் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் கோபப்படவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு சிடியை எடுத்து மேஜையில் வைத்தார். ஏன் இவ்வளவு பாடு? ஸ்கேன் பண்ணிய அன்றைக்கே உங்கள் மேனேஜர் ஒரு காப்பி போட்டுத் தந்தாரே, ஒரு போன் பண்ணியிருந்தால் கொடுத்திருப்பேனே என்றார்.

சிடியின் மேல் சிவசங்கரனின் கோணல் கையெழுத்து இருந்தது.

"நீங்க குடுத்தீங்களா?"

"குடுத்தேன்ல," என்றார் சிவசங்கரன், யாரோ செய்ததைக் கேள்விப்படுகிறவர் மாதிரி. "ஆமா பாய். குடுத்துருக்கேன்."

செய்கு அலாவுதீன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். செருப்பை மாட்டினார்.

"கலாஸ், போதும். நான் போறேன்."

"பாய், விசா படத்துக்கு மூணு பேரு உக்காந்திருக்காங்க!"

"நெழலோட அனுப்புங்க."

ரோலாவில் மர்ஜானா கதவைத் திறந்து, பகல் பதினொரு மணிக்கு அவரைப் பார்த்ததும் வேலை போய்விட்டதோ என்று பயந்தாள். முழுக்கதையையும் கேட்டாள். சிவசங்கரனை நாலு வார்த்தை திட்டினாள். பிறகு, "சரி, என் படம் எங்க?" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல இருக்கு."

"அது எனக்கு வேணும். ஒரு தடவயாச்சும் சீமையில நின்னுருக்கேன்ல."

செய்கு அலாவுதீனுக்குத் திடுக்கென்றது. போனை எடுத்து அடித்தார்.

"சிவா சார், அந்த ஏழாம் நம்பர்..."

"அதெல்லாம் முடிஞ்சுது பாய், நிம்மதியா இருங்க," என்றது சிவசங்கரனின் குரல், நல்ல காரியம் செய்த உற்சாகத்தோடு. "சிடிலேர்ந்து பழசை ஏத்திட்டேன். நீங்க செய்யுற மாதிரியே, அதே பேர்ல, அது மேலயே."

அவர் போனை அணைத்துக் கட்டிலில் எறிந்தார். சொல்லவே தேவையில்லாமல் மர்ஜானாவுக்குப் புரிந்துவிட்டது. அவரை முறைத்தாள். பிறகு ஆணியிலிருந்து அபாயாவை எடுத்தாள்.

"நிஜாம் வர இன்னும் எத்தன நாளு?"

"எட்டு."

"எந்திரிங்க. கடலையாச்சும் காட்டுங்க. கீழக்கரையில இல்லாத கடலா இருந்தா நல்லாருக்கும்."